கொண்டாந்து நிறுத்துத ஸ்கோப்பு

எங்க ஊருல ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் எவ்வளவு தூரம்னு யாராவது கேட்டா, எந்த வருசத்துலன்னு நாங்க திருப்பிக் கேப்போம். கேலிக்குக் கேக்கல. ஊத்தடிப்பொட்டல்ல ஸ்கோப்பு வந்த நாள்ல இருந்து தூரம்ங்கது அப்படித்தான் இருந்துச்சு.

ஸ்கோப்பு வாரதுக்கு முந்தி, தளவாய் வீட்டுக்கும் அவரு தம்பி கொம்பையா வீட்டுக்கும் நடுவுல எண்ணூறு மீட்டர். நான் ஊர்த் தண்ணி டேங்க் ஆப்பரேட்டர், குழாய் போடுததுக்கு டேப் பிடிச்சு அளந்தவனே நான்தான், அதனால இது சத்தியம். தளவாய் வீடு ஊரு நடுவுல. கொம்பையா வீடு மலையடிவாரத்துல, வாழைத்தோட்டம் எல்லாம் முடிஞ்சு அதுக்கு மேல வீடு கட்டணும்னா பாறைதான்ங்கிற எடத்துல. அந்த வீட்டுக்கு ஊரப் பாத்து வாசல் கிடையாது, சன்னல் கிடையாது, ஒரு ஓட்டை கிடையாது. மொட்டைச் சுவரு. ஊருக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும்.

காரணம் ஒரு துப்பாக்கி. அவுக அப்பாவுக்குப் பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசன்ஸ் இருந்துச்சு, ஒரு ரைஃபிளும் இருந்துச்சு. அவரு செத்ததும் நிலத்தப் பங்கு வச்சாங்க, கிணத்துல தண்ணி எறைக்கக் கிழமையப் பங்கு வச்சாங்க, புளியமரத்தக் கொப்பு கொப்பாப் பங்கு வச்சாங்க, துப்பாக்கிய மட்டும் பங்கு வைக்க முடியல. லைசன்ஸ் ஒருத்தர் பேருக்குத்தான் மாறும், மத்த வாரிசு எனக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். தளவாய் பேப்பரக் கொண்டுபோயி நீட்டுனப்போ கொம்பையா இட்லி தின்னுக்கிட்டு இருந்தாரு, தின்னுக்கிட்டே இடது கையால பேப்பரப் பிடிச்சு வலது கைச் சட்னியோட கையெழுத்துப் போட்டாரு. பம்புசெட் கரண்டு பேரு மாத்தன்னு சொல்லி ஏமாத்திட்டான்னு தம்பி சொன்னாரு. ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டுனேன்னு அண்ணன் சொன்னாரு. எது நெசம்னு ஊருக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னவங்களும் ரெண்டாப் பிரிஞ்சு நின்னாங்க.

கொம்பையா அன்னைக்கே அண்ணன் வீட்டுக்குள்ள பூந்து துப்பாக்கியோட தோல்வாரக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாரு. துப்பாக்கி ஒருத்தங்கிட்ட, அதத் தோள்ல மாட்டுத வாரு இன்னொருத்தங்கிட்ட. அந்தத் தோல்வாரத்தான் அவரு இடுப்புச் சாரத்துக்கு மேல பெல்ட்டாக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு. அதப் பாத்த தளவாய் ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சு, "இனிமே இவன் மூஞ்சி என் கண்ணுல பட்டா சுட்டுருவேன்"ன்னு சொல்லிட்டு உக்காந்தாரு.

வேற ஆளு சொல்லியிருந்தா ஆத்திரத்துல சொல்லுதாருன்னு விட்டுருப்போம். தளவாய் செவ்வாக்கிழமை வாரேன்னு சொன்னா செவ்வாக்கிழமை வாரவரு, இடி விழுந்தாலும் வாரவரு. அதனாலதான் அந்த எண்ணூறு மீட்டர், அந்த மொட்டைச் சுவரு. பதினோரு வருசம் ஊரே அவுகளுக்கு டைம்டேபிள் போட்டு நடந்துச்சு. கடைக்குத் தம்பி காலையில, அண்ணன் சாயங்காலம். கல்யாண வீட்டுக்குத் தம்பி முந்துன நாளு, அண்ணன் மறுநாளு. சாவு வீட்டுல தம்பி வந்துட்டுப் போயிட்டாருன்னு ஆள் விட்டுச் சொன்ன பெறகுதான் அண்ணன் சட்டையப் போடுவாரு.

அப்புறம் பன்னி வந்துச்சு. மலையில இருந்து பொழுது மயங்குத நேரத்துல கூட்டமா இறங்கி வாழைக்கிழங்கத் தோண்டித் தின்னுட்டுப் போயிரும். ஊருல இருக்கது ஒரு துப்பாக்கி, சுடத் தெரிஞ்ச ஆளு தளவாய் ஒருத்தரு, அவருக்கு வயசு அம்பத்தெட்டு, பொழுது சாஞ்சா கண்ணுக்குப் பன்னியும் பசுமாடும் ஒண்ணுபோலத் தெரியும். ஒருநாள் பன்னிக்குக் குறிவச்சு, பஞ்சாயத்துத் தலைவரு செண்பகக்குத்தாலத்தோட எருமைக் கன்னுக்குட்டி காதுல ஓட்டை போட்டாரு. தலைவரு மறுநாளே தீர்மானம் போட்டாரு: துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப்பு வாங்குதது, வாங்கிட்டு வாரது ஆப்பரேட்டரும் தளவாயும்.

டவுனுல ரெண்டு கடை பாத்தோம். மொதக் கடை இம்மானுவேல்னு ஒரு பெரியவரோடது, ரைஃபிள் கிளப்புல துப்பாக்கி ரிப்பேரு பாத்தவரு. அவரு நாப்பதாயிரம் ரூவாய்க்கு ஒண்ண எடுத்துத் துணிமேல வச்சாரு.

"எத்தன பவருன்னு கேக்காதிய. எல்லாரும் அதத்தான் கேட்டு ஏமாறுதாங்க. கண்ணாடியக் கேளுங்க. மயங்குத நேரத்துல வெளிச்சம் எவ்வளவு உள்ள வாங்குது, அதான் கணக்கு. நாலு வெடி வெடிச்ச பெறகும் குறி அதே எடத்துல நிக்குதா, அது கணக்கு. மழையில உள்ளுக்குள்ள ஆவி பிடிக்குதா. மாட்டுத வளையம் இரும்பா, தகரமா. அப்புறம் கண்ணுக்கும் இதுக்கும் நாலு விரக்கட எடைவெளி வேணும், இல்லன்னா ஒதைக்கையில புருவத்தக் கிழிச்சுப்போடும்."

"பன்னி பக்கத்துல வருமா?"ன்னு தளவாய் கேட்டாரு.

"பக்கத்துல காட்டும்."

"வராதா?"

"காட்டும்னு சொல்லுதேன். ஸ்கோப்புன்னா காட்டும், அவ்வளவுதான். இன்னொண்ணு. மலிவுல வாங்குனா அது நூறு கெஜத்துக்குன்னு செட் பண்ணுனது, கிட்டக்க இருக்கதப் பாத்தா புகை மாதிரித்தான் தெரியும்."

"கிட்டக்க இருக்கதப் பாக்க எனக்கு எதுக்குவே ஸ்கோப்பு?"ன்னு சொல்லிட்டுத் தளவாய் எறங்கிட்டாரு. நாப்பதாயிரத்துக்குக் காட்டத்தான் செய்யுமாம்னு வழிநெடுகப் பேசிக்கிட்டே வந்தாரு.

ரெண்டாவது கடை பஸ்ஸ்டாண்டுப் பக்கம், டார்ச் லைட்டும் சொவர்க் கடியாரமும் விக்குத கடை. கடைக்காரன் கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருந்து ஒண்ண எடுத்து ஊதித் தொடைச்சான். "நாலு பவரு அண்ணாச்சி, மூவாயிரம். எத்தன தூரத்துல இருந்தாலும் நாலுல ஒரு பங்குக்குக் கொண்டாந்து நிறுத்திரும்."

தளவாய் என்னையத் திரும்பிப் பாத்தாரு. "கேட்டியாவே? இவன் கொண்டாந்து நிறுத்துதேங்கான். அந்தாளு காட்டுதேன்னு சொன்னதுக்கு நாப்பதாயிரம் கேட்டான்."

நானும் சரின்னுதான் சொன்னேன். அத நான் மறைக்கல.

அன்னைக்குச் சாயங்காலமே தளவாய் மொட்டைமாடியில ஏறி உக்காந்தாரு, பக்கத்துல நான். இருநூறு மீட்டர் தள்ளி வாழைக்குள்ள ஒரு கொம்பன் பன்னி. தளவாய் கண்ண வச்சாரு. வச்சதும் அது அம்பது மீட்டர்ல நின்னுச்சு. ஓடி வரல, குதிச்சு வரல; அங்க நின்னது இங்க நின்னுச்சு, வாயில கடிச்ச கிழங்கோட. தளவாய் கண்ண எடுத்துத் தொடைச்சுட்டுப் பாத்தாரு, பன்னியும் அவரப் பாத்துச்சு. இவ்வளவு பக்கத்துல நிக்கதுகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிச் சுடன்னு அவருக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பன்னி மிச்சக் கிழங்கையும் தின்னு முடிச்சுட்டு நிதானமாப் போச்சு. மூவாயிரத்துக்கு மோசமில்லன்னு சொல்லிட்டுத் தளவாய் எறங்குனாரு.

ஸ்கோப்புக்குள்ள கூட்டல் குறி போட்டுருக்குமில்ல, அந்தக் குறிக்கு நேரா எது இருந்தாலும் வரும். பன்னிக்குப் பின்னாடி கொம்பையா வீடு இருந்துச்சு, இருட்டுல அத நாங்க கவனிக்கல. அதுக்குப் பின்னாடி மலையும் இருந்துச்சு, ஆனா மலை அசையல. அது எங்களவிட வீம்பு.

மறுநாள் விடியக்காலம் கொம்பையா பெஞ்சாதி சொர்ணத்தாய் வாசல் தெளிக்க வந்தவ, மலையக் காணாம நாலு பக்கமும் வாழையப் பாத்தா. வீடு எண்ணூறுல இருந்து இருநூறுக்கு வந்துருக்கு. ஓடு ஒண்ணு நழுவல, அடுப்புல வச்ச பாலு சிந்தல, வாழையெல்லாம் ஒதுங்கி எடம் விட்டுருக்கு. கரண்டு வயரு மட்டும் சவ்வுமிட்டாய் மாதிரி இழுத்துக்கிட்டு வந்துருக்கு. சொர்ணத்தாய் வாளியக் கீழ வச்சா, முந்தானையச் சொருகுனா, ஊருக்குக் கேக்குதாப்ல கேட்டா: "எந்தச் சவத்து மூதிலே எங்க வீட்ட இழுத்தது?"

ஊரு இத எப்படி எடுத்துக்கிட்டுதுன்னா, அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஸ்கோப்புக்கு வரிசை நின்னுச்சு. தளவாய் திருகக் கழட்டி ஸ்கோப்ப மட்டும் குடுத்தாரு, முறை வச்சு வாங்கிக்கிட்டோம். பஸ் ஸ்டாப்ப இழுத்தோம். ரேஷன் கடைய இழுத்தோம். பக்கத்துல வந்துச்சு, ஆனாலும் தொறக்கல. பஞ்சாயத்துல தீர்மானம் போட்டோம்: குளத்தப் பாக்கக் கூடாது, நிலாவப் பாக்கக் கூடாது, தாலுகா ஆபீஸ மறந்தும் பாக்கக் கூடாது, அது தூரத்துல இருக்கதே நமக்கு நல்லது. வி.ஏ.ஓ. வந்து புல வரைபடத்த விரிச்சு வச்சு ஒரு மணி நேரம் உக்காந்துருந்தாரு. பெறகு பென்சிலால எழுதிக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

சண்டையும் வந்துச்சு. தளவாய் பெஞ்சாதி பரமகல்யாணி, சாமி கும்பிடணும்னு ஆசைப்பட்டு, பக்கத்து ஊரு கோயில் கோபுரத்த ஸ்கோப்புல பாத்துட்டா. கோயிலு நம்ம குளத்தங்கரைக்கு வந்துருச்சு. அந்த ஊர்க்காரங்க நாப்பது பேரு கம்போட வந்தாங்க.

"எங்க சாமிய எப்படிவே தூக்கிட்டு வருவிய?"

"நாங்க தூக்கல, பாத்தோம்"னாரு செண்பகக்குத்தாலம்.

"பாத்தா வந்துருமா? அப்ப உன் பொண்டாட்டிய நான் பாக்கட்டா?"

பெறகு அடிதடிதான். அந்தக் கலவரத்துல அந்த ஊர்க்காரன் ஒருத்தன் ஸ்கோப்பப் பிடுங்கி, எது முன்னு எது பின்னுன்னு தெரியாம மறுமுனையில கண்ண வச்சுட்டான். அதனாலதான் தெரிஞ்சுது, திருப்பிப் பிடிச்சுப் பாத்தா போயிரும்னு. கோயிலு பழைய எடத்துக்கே போயிருச்சு, ஒரு அடி மட்டும் தள்ளி. அந்த ஒரு அடிக்கு இன்னைக்கும் கேஸு நடக்கு.

அப்ப கொம்பையா வீட்டையும் அப்படியே தள்ளிருவோம்னு தலைவரு தூது போனாரு. "இழுத்தவன் வந்து என் வாசல்ல நின்னு கேக்கட்டும்"னாரு கொம்பையா. தளவாய்கிட்ட வந்து சொன்னா, "நின்னா மூஞ்சி தெரியும், தெரிஞ்சா சுடணும், சம்மதமான்னு கேளுங்கவே"ன்னாரு. கேட்டோம். "அவன் சுட்டாலும் சுடுவான், வாசல்ல வந்து கேக்க மாட்டான், எனக்குத் தெரியாதா அவன"ன்னு கொம்பையா சிரிச்சாராம். அதக் கேட்டதும் தளவாய் ஸ்கோப்ப வாங்கிட்டுப் போயி ரைஃபிள்ல மாட்டி, இனி எவனுக்கும் கிடையாதுன்னு திருக முறுக்கு முறுக்குன்னு முறுக்குனாரு. தகர வளையம், மலிவுத் திருகு. தலை வழுக்கிருச்சு. இனி அதக் கழட்ட முடியாது. கழட்டாம மறுமுனையில கண்ண வச்சுப் பாக்கணும்னா, துப்பாக்கிக் குழலுக்கு முன்னாடி போயி மூஞ்சியக் காட்டிக்கிட்டு நிக்கணும். அதுக்கு ஊருல ஆள் இல்ல.

பன்னி தினமும் வந்துச்சு, கொம்பையா வீட்டு ஓரமாத்தான் வந்துச்சு. புரட்டாசியில அந்த மொட்டைச் சுவரு அம்பது மீட்டருக்கு வந்துச்சு, கார்த்திகையில பன்னிரண்டுக்கு.

"அண்ணாச்சி, ஸ்கோப்புல பாக்காதிய"ன்னு நான் கெஞ்சுனேன்.

"நான் பன்னியப் பாக்கேன்வே."

"பன்னி வீட்டுக்குப் பின்னாடிலா நிக்கி?"

"அப்ப பன்னிகிட்டச் சொல்லு."

அவரு பன்னியப் பாக்கலன்னு எனக்குத் தெரியும். பதினோரு வருசமா அந்தச் சுவத்துக்குப் பின்னாடி அவன் எப்படி இருக்கான், தலை நரைச்சிருக்கா, எளைச்சிருக்கானான்னு அவருக்குத் தெரியாது. பாத்தாச் சுடணும். அதனால மாசக்கணக்குல அடக்கி வச்சு, தாங்காம சுவரப் பாத்தாரு. பாக்கப் பாக்க அது கிட்ட வந்துச்சு. நான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்ச வகுத்தல்தான் எனக்கு அப்ப ஒரே தைரியம்: எண்ணூற நாலால எத்தன தடவ வகுத்தாலும் பூச்சியம் வராது.

தை மாசம் மூணு மீட்டர். அதுக்குப் பெறகு சண்டை பொம்பளைங்க கைக்கு வந்துச்சு. "உங்க வீட்டுப் பாமாயில் வாடைக்கு எங்க வீட்டுப் பூனை செத்துப்போச்சு"ன்னு பரமகல்யாணி சொல்லுவா. "உம் புருசன் இருமுத இருமலுக்கு எங்க சொவத்துச் சுண்ணாம்பு உதிருது, ஒரு சுக்குக் கசாயம் போட்டுக் குடுக்க வக்கில்ல"ன்னு சொவத்துக்கு அந்தப் பக்கம் சொர்ணத்தாய் சொல்லுவா. ஆம்பளைங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. தளவாய் இருமுவாரு, அந்தப் பக்கம் கொம்பையா தொண்டையச் செருமுவாரு. அதுக்குத் தளவாய் பதில் இருமல் இருமுவாரு. கெட்ட வார்த்தை தோத்துப்போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில, பத்து மணி இருக்கும், அந்தச் சொவத்துக்குள்ள கடப்பாரைச் சத்தம் கேட்டுச்சு. நான் டேங்க் வால்வத் தொறந்தபடியே விட்டுட்டு ஓடுனேன். ஊரே ஓடி வந்துச்சு. சுவத்துல காரை உதிர்ந்து, ஒரு செங்கல்லு வெளிய விழுந்துச்சு, ரெண்டு விழுந்துச்சு. கொம்பையா சன்னல் வைக்காரு.

சன்னல் வச்சா மூஞ்சி தெரியும். எல்லாருக்கும் தெரியும் அது.

"கொம்பையா, நிறுத்து! கோட்டிக்காரப் பயலே, நிறுத்து!"ன்னு செண்பகக்குத்தாலம் கத்துனாரு.

"எவ்வளவு நாளுவே இருமலக் கேட்டுக்கிட்டு இருக்க? எம் மூஞ்சிக்கு நேரா இருமச் சொல்லு!"ன்னு உள்ள இருந்து சத்தம் வந்துச்சு.

இந்தப் பக்கம் தளவாய் அவரு வீட்டு முன்னறைக்குள்ள போனாரு. நான் பின்னாலயே போனேன். ரைஃபிள எடுத்தாரு, குண்டு போட்டாரு, சன்னல் கட்டையில தாங்குனாரு. பரமகல்யாணி அவரு சட்டையப் பிடிச்சு இழுத்தா. கிழிஞ்ச சட்டையோட குனிஞ்சாரு. அந்தப் பக்கம் கடைசிச் செங்கல்லு விழுந்து, அந்த ஓட்டையில கொம்பையா மூஞ்சி வாரதுக்கும், இவரு ஸ்கோப்புல கண்ண வைக்கதுக்கும் சரியா இருந்துச்சு.

கண்ண வச்சதும் வீடு வந்துச்சு. மூணு மீட்டர் முக்கால் மீட்டர் ஆச்சு. துப்பாக்கிக் குழலு அந்த ஓட்டைக்குள்ள போயி, கொம்பையா நெஞ்சுக்கு நாலு விரக்கட முன்னாடி நின்னுச்சு.

வெடிக்கல.

"மூஞ்சியக் காட்டுலே!"ன்னாரு தளவாய், கண்ண எடுக்காம.

"காட்டிக்கிட்டுதான்வே நிக்கேன். கண்ணு அவிஞ்சா போச்சு?"

"தெரியலலே. புகையா இருக்கு."

"எது புகை?"

"ஸ்கோப்புக்குள்ள!"

கொம்பையா குழல ஒரு கையால பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தாரு. "எவ்வளவுக்கு வாங்குன இத?"

"மூவாயிரம்."

"மூவாயிரத்துக்கு எம் மூஞ்சி தெரியுமாவே? கஞ்சப் பயலே, தம்பியச் சுடுததுக்குக் கூட நல்ல சாமான் வாங்க மனசு வரல ஒனக்கு!"

ரெண்டு பேரும் பதினோரு வருசம் கழிச்சுப் பேசுன மொதப் பேச்சு அது. அண்ணேன்னு கூப்பிட்ட வாயி வேன்னு கூப்பிட்டுச்சுன்னு பரமகல்யாணி அழுதா. நான் நின்ன எடத்துல இருந்து எனக்கு ரெண்டு பேரையும் தெரியும். தளவாய் தலைய ரெண்டு விரக்கட தூக்கியிருந்தா போதும், ஸ்கோப்புக்கு மேலால, வெறுங்கண்ணுக்கு அந்த மூஞ்சி பளிச்சுன்னு தெரியும், தலை பூராவும் நரைச்ச மூஞ்சி. தூக்கல. கொம்பையாவும் ஸ்கோப்போட மறுமுனைக்கு நேராத்தான் நின்னாரு. ஒரு கண்ண மூடி இன்னொரு கண்ண அதுல வச்சிருந்தா போதும், அண்ணன் வீடு அடுத்த ஊரத் தாண்டிப் போயிருக்கும். வைக்கல. குழலப் பிடிச்ச பிடியத்தான் இறுக்குனாரு.

"விடுலே"ன்னாரு தளவாய்.

"நீ விடு. பாதி எங்க வீட்டுல இருக்கு. எங்க அப்பன் துப்பாக்கி."

"கையெழுத்துப் போட்டல்லா?"

"பம்புசெட்டுக்குவே போட்டேன்!"

மத்தியானம் வரைக்கும் அப்படியே நின்னாங்க. சோறு ரெண்டு பக்கமும் ஊட்டித்தான் விட்டாங்க. கடைசியில தலைவரு கொத்தனாரக் கூட்டியாந்து, ரெண்டு சன்னலையும் துப்பாக்கியச் சுத்திச் சிமெண்டு வச்சுப் பூசச் சொன்னாரு. பூச்சு இறுகுன பெறகுதான் ரெண்டு பேரும் பிடிய விட்டாங்க, அதுவும் ஒரே நேரத்துல, நான் ஒண்ணு ரெண்டு மூணு சொன்ன பெறகு. துப்பாக்கிக் கட்டையும் விசையும் அண்ணன் வீட்டுக்குள்ள, குழலு தம்பி வீட்டுக்குள்ள. ஸ்கோப்பும் குண்டு போடுத எடமும் நடுவுல, சிமெண்டுக்குள்ள. குழலுக்கு மேல ஒரு கை நுழையுத அளவுக்குக் கொத்தனாரு சந்து விட்டுருந்தாரு. காத்துக்குன்னு சொன்னாரு.

கொம்பையா அந்தக் குழல்லதான் ஈரத்துண்டு காயப்போடுதாரு. லைசன்ஸ் புதுப்பிக்கயில அதிகாரி வருவாரு, இந்த வீட்டுல பாதிய எண்ணிப் பாப்பாரு, அந்த வீட்டுல மீதிய எண்ணிப் பாப்பாரு, கையெழுத்துப் போட்டுட்டுப் போவாரு. பன்னி இப்பவும் வருது, வாழையத் திங்குது. அதுக்கு என்ன செய்யன்னு அடுத்த கூட்டத்துல பேசணும்.

பூசி எட்டாவது நாளு கொம்பையா இடுப்புல இருந்த தோல்வாரக் கழட்டி, ஒரு நுனியக் குழல்ல இருக்க வளையத்துல மாட்டி, மறு நுனியச் சந்து வழியாத் தள்ளிவிட்டாரு. ரெண்டு நாளு அது தளவாய் வீட்டுப் பக்கம் தொங்கிக்கிட்டே கெடந்துச்சு. மூணாம் நாளு நான் வரி ரசீது குடுக்கப் போனப்போ பாத்தேன், கட்டையில இருக்க வளையத்துல அது மாட்டியிருந்துச்சு. தளவாய் சுவத்தப் பாத்துச் சொல்லிக்கிட்டு இருந்தாரு: "வாரு இத்துப்போச்சு. பதினோரு வருசம் இடுப்புல கட்டத் தெரிஞ்சவனுக்கு எண்ணெய் தேய்க்கத் தெரியல, மூதி."

"நீ வாங்குன ஸ்கோப்ப விட நல்லாத்தான்வே இருக்கு"ன்னு சுவரு சொல்லுச்சு.

வெளியூர்க்காரங்க வந்து ரெண்டு வீட்டுக்கும் எவ்வளவு தூரம்னு கேட்டா நாங்க இப்ப வருசம் கேக்கதில்ல. ஒரு துப்பாக்கி நீளம்னு சொல்லிருதோம். குண்டு இருக்கான்னு கேப்பாங்க.

இருக்கு. அத எடுக்கணும்னா சுவர இடிக்கணும், இடிச்சா மூஞ்சி தெரியும்.